உலாவி நீட்சியும் அதன் பரிவாரமும்: கேளம்பாக்கம் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

கேளம்பாக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் உப்பளம், பூநாரை, வண்டலூர் சாலைச் சந்திப்பின் நெரிசல் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். சிறுசேரி சிப்காட்டில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவில் வாடகை அறையில் உட்கார்ந்து கட்டற்ற உலாவி நீட்சிகளை ‘பில்டு’ செய்யும் குடி ஒன்று அவ்வூரில் வாழ்வது ஆய்வுலகின் கண்ணில் படவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நீட்சி எளியது. இணையப் பக்கத்தில் தமிழ் எழுத்து எங்கே வந்தாலும் அதை மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக்கிக் காட்டும். ‘மேனிஃபெஸ்ட்.ஜேசன்’ ஒன்று, சின்னஞ்சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று. அவ்வளவுதான் அதன் உடல். இதை உலாவி ஏற்கும் வடிவில் கட்ட வெப்பேக், பேபல், டைப்ஸ்கிரிப்ட் எல்லாம் வேண்டும் என்று அறைத்தோழர் ஒருவர் முன்மொழிய, மற்றவர் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று தட்டுகிறார். உடனே ‘நோட்_மாட்யூல்ஸ்’ என்னும் அடைவு பிறந்து, கைபேசி ஹாட்ஸ்பாட்டின் அன்றைய டேட்டாவைக் குடித்து வளர்கிறது. அரை சவரன் தாலி கட்ட ஊரை வளைத்துப் பந்தல் போட்ட கதை. களத்தில் பதிவான உரையாடல் ஒன்றை இங்கே தரலாம்:

“தம்பி, ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுதே, என்னப்பா பண்ணீங்க?”

“டிபெண்டன்சி இறங்கிட்டிருந்துச்சுங்கம்மா.”

“இறங்கி முடிஞ்சா அணைச்சிடுங்கப்பா. ஈபி பில்லு ஏறுது.”

இறங்கி முடியும் என்ற வீட்டுக்கார அம்மாளின் எடுகோளுக்குச் சான்று இல்லை.

முற்கால மரபு இப்படி இருக்கவில்லை. வலைப்பதிவுக் காலத்தில் ஃபயர்பாக்ஸில் தமிழ் தட்டச்சிட ‘தமிழ்விசை’ நீட்சியை நிறுவிக்கொண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கால நீட்சிகளுக்குச் சடங்கு குறைவு: கோப்புகளை ஜிப்பில் அடைத்து, பின்னொட்டை ‘எக்ஸ்பிஐ’ என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை தீர்ந்தது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57 அந்தக் குலத்தையே தள்ளிவைத்துவிட்டது. ஆனால் புதிய குலமான வெப்எக்ஸ்டென்ஷனிலும் பொதி இன்னும் ஜிப்தான். ஆகவே ‘காலம் மாறிவிட்டது, கருவி வேண்டும்’ என்ற வாதம் முதற்படியிலேயே வழுக்குகிறது.

எதிர்த்தரப்பு விடாது. மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்பில் பின்னணி வேலைக்கு குரோம் ‘சர்வீஸ் வொர்க்கர்’ கேட்கிறது, ஃபயர்பாக்ஸோ பின்னணி ஸ்கிரிப்ட் கேட்கிறது. இருவருக்கும் தனித்தனியே எழுத ஒரு கருவி வேண்டாமா என்பார்கள். ஆனால் 121ஆம் பதிப்பு முதல் இரு உலாவிகளும், இரண்டையும் ஒரே கோப்பில் கண்டால் தமக்கானதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்வதில்லை. தவிர, நம் நீட்சிக்குப் பின்னணி வேலையே கிடையாது.

இனி, கட்டும் கருவிகளின் சமயப் பிரிவுகள். பழையது மேக் சமயம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் தோற்றுவித்தது. கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்ற அதன் விதி உதவாது என்று அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த மனம் வராமல் விதியை அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தாட்சண்யத்துக்கு உலகம் அரை நூற்றாண்டாக வட்டி கட்டுகிறது.

என்பிஎம் சமயம் ஊழியைக் கண்ட நாள் 2016 மார்ச் 22. ‘கிக்’ என்ற பெயர் யாருக்கு என்ற தகராறில் மனம் கசந்த அசர் கோச்சுலு என்ற நிரலாளர், தம் பொதிகளையெல்லாம் நீக்கினார். ‘லெஃப்ட்-பேட்’ அவற்றில் ஒன்று. எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பித்தரும் 11 வரி. பேபல் உட்பட அதை நம்பியிருந்த கட்டுமானங்கள் உலகெங்கும் நின்றுபோயின. கடைசியில் என்பிஎம் நிறுவனமே அதை மீட்டு வைத்தது. என்பிஎம்முக்கு அடித்தளமான நோட்டை உருவாக்கிய ரயன் டால் 2018இல் பெர்லின் மாநாட்டில் தம் வருத்தங்களைப் பட்டியலிட்டபோது நோட்_மாட்யூல்ஸும் அதில் இருந்தது. கர்த்தாவே நொந்துகொண்ட அடைவைக் கேளம்பாக்கம் ஏன் சுமக்க வேண்டும்?

“மச்சி, உன் லேப்டாப்ல ஓடுது, என்னுதுல ஏன்டா ஓடல?” என்ற வினா பதிப்பாசிரியர்களுக்குப் பழகியதே: நூல் ஒன்று, சுவடி இரண்டு. ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் நிற்கும் தொப்பிக்குறி, பின்னால் வந்த சிறு பதிப்புகளும் ஆகும் என்று இடங்கொடுக்கிறது. மார்கழியில் இறக்கியவரிடம் ஒரு பாடம், தையில் இறக்கியவரிடம் வேறு பாடம். 2017இல் என்பிஎம் 5 கொண்டுவந்த ‘பேக்கேஜ்-லாக்’ கோப்பு மூலபாடத்தை நிலைநிறுத்துகிறது. ‘என்பிஎம் சிஐ’ என்று கட்டளையிட்டால் அதிலிருந்து இம்மியும் விலகாது. உ.வே.சா.வுக்கு இப்படியொரு லாக் கோப்பு கிடைத்திருந்தால் வண்டிச் செலவு எவ்வளவோ மிச்சம்.

மிக நுண்ணிய பாடபேதம் ஜிப்புக்குள் இருக்கிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இரு தோழரும் கட்டிய பொதிகளின் செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது. ஒவ்வொரு கோப்பின் தேதியையும் நேரத்தையும் ஜிப் குறித்துவைப்பதே காரணம். 1989இல் ஃபில் கட்ஸ் வகுத்த அவ்வடிவம் டாஸ் நாட்காட்டியை எடுத்தாண்டது. அதில் உலகம் 1980இல் பிறக்கிறது; நொடி இரட்டைப்படையில் மட்டுமே வரும்; அடிப்படைக் குறிப்பில் நேர மண்டலத்துக்கு இடமே இல்லை. கேளம்பாக்கத்து அறைச் சுவரில் இரவு ஒன்றே கால் என்றால் பொதிக்குள்ளும் ஒன்றே கால்தான். பெர்லினில் இருப்பவருக்கு அது எந்த ஊர்ப் பொழுது என்று தெரியாது.

இதெல்லாம் ஆருக்கு வேண்டும் என்பாருக்கு: சுருக்கித் திரட்டிய நிரலை அனுப்பினால் ஃபயர்பாக்ஸை ஆக்கும் மொசில்லா மூல நிரலோடு கட்டும் வழிமுறையையும் கேட்கும், பரிசீலகர் தாமே கட்டிப் பார்த்து ஒப்பிடுவார். ஜிபிஎல் உரிமம் 1991இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே, மூல நிரல் என்றால் தொகுக்கவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்ட்களும் சேர்த்தி என்று வரையறுத்துவிட்டது. கட்டும் வழி ஆக்கியவர் தலைக்குள் மட்டும் இருந்தால், உரிமக் கோப்பு எவ்வளவு நீளமானாலும் நீட்சி பாதிதான் கட்டற்றது.

எனவே இவ்வாய்வு பரிந்துரைப்பது நாலைந்து வரி மேக்ஃபைல். நேர மண்டலத்தை யூடிசியில் நிறுத்து. ‘டச்’ கட்டளையால் எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி கொடு. பெயர்களை வரிசைப்படுத்தி ஜிப்பிடம் ஒப்படை. ‘எக்ஸ்’ கொடி போட்டு உபரிக் குறிப்புகளை உதிர். ஜிப் கருவியின் பதிப்பும் ஒன்றாக இருந்தால் செக்சம் ஒத்துவரும். பிழை பார்க்க மொசில்லாவின் ‘வெப்-எக்ஸ்ட்’ கருவியை வைத்துக்கொள்ளலாம். அதுவும் நோட் குடும்பந்தானே என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும், காட்டட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஆண்டுக்கு ஏழு பிட் மட்டுமே ஒதுக்கியதால் ஜிப்பின் நாட்காட்டி 2107 டிசம்பரோடு தீர்ந்துவிடும். 2108 பொங்கலுக்குக் கேளம்பாக்கத்தில் நீட்சி கட்டுபவர் என்ன தேதி போடுவார் என்ற வினாவுக்கு அறைத்தோழர் அளித்த விடை: “டிக்கெட் போட்டு வை மச்சி, நெக்ஸ்ட் ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்.”