நோட்டு வருது, சின்ன மொதலாளி!

சின்ன மொதலாளி, செத்த உக்காருங்க. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடக் கமிட்டிக்காரங்க நன்கொடை நோட்டத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வாராக. ரெண்டு வகுப்பறைக்குக் கான்கிரீட் போடணுமாம். மழை பேஞ்சா நாலு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ரூமுல அடைக்கிறாகளாம். இதக் கேட்டு ஒங்க மனசு இளகிறக் கூடாதேன்னுதான் ஓடியாந்தேன். அய்யா காலத்துலருந்து மண்டியில கணக்கு எழுதுனவன். ஒங்க காசு மேல எனக்கில்லாத அக்கறையா?

மொதல்ல, வந்தவுகளுக்கு மோர் குடுங்க. டீ வேண்டாம். டீ குடிச்சவன் நிமிந்து உக்காந்து பேசுவான், மோர் குடிச்சவன் கொட்டாவி விடுவான். அப்புறம் நோட்ட வாங்குங்க. மொதப் பக்கத்துல பெரிய பெரிய தொகையா எழுதியிருக்கும், பயப்படாதீக. அதுல பாதி எழுத்துல மட்டுந்தான் இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் போயிராதீக. அங்க பஸ் ஸ்டாண்டுல இட்லி விக்கிற பொம்பள பேருக்கு நேரா 501 எழுதி, பக்கத்துலயே ‘வரவு’ன்னும் போட்டிருக்கும். அதப் பாத்தா ராத்திரிக்குத் தூக்கம் வராது. சட்டுன்னு மூடிட்டு, “ஆடிட்டரக் கேட்டுச் சொல்றேன்”னுருங்க.

வருமான வரியில கழிவு உண்டுன்னு ஆசை காட்டுவாக. “நான் புது வரிமுறைக்கு மாறிட்டேன், அதுல அந்தக் கழிவு கெடையாது”ன்னு சொல்லுங்க. பழைய முறையில இருந்தாலும் ரொக்கமா 2,000 ரூவாய்க்கு மேல குடுத்தாக் கழிவு இல்ல. கமிட்டித் தலைவர் மண்டையச் சொறிவாரு. குடுக்கிறது பிள்ளைகளுக்கா, கழிவுக்கான்னு கேக்க அவருக்கு வீட்டுக்குப் போயித்தான் தோணும்.

வெவரமானவரா இருந்தா, “கம்பெனிச் சட்டத்துல 2 சதவீதம் இருக்கே”ம்பாரு. 2013ல போட்ட சட்டம். வருச லாபம் 5 கோடியத் தொட்டா, மூணு வருசச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்கணும். நம்ம மண்டி மில்லாகி, மில்லு கம்பெனியாகி, போன வருச லாபம் எம்புட்டு? 4 கோடியே 90 லட்சம். அதுக்கு முந்துன வருசமும் அங்கனதான். வருசா வருசம் அந்தக் கோட்டுக்கிட்ட வந்து மூச்சு வாங்கி நின்னுருது. நல்ல ஆடிட்டர், விட்டுறாதீக.

“உயில் எழுதி வச்சிருக்கேன், எனக்குப் பெறகு எல்லாம் தர்மத்துக்குத்தான்”னும் சொல்லலாம். பச்சையப்ப முதலியார் 1794ல கண்ண மூடுனாரு. அவரு தர்மத்துக்கு எழுதி வச்ச பணம் ஆளுக்காளு இழுபட்டு, கோர்ட்டுப் படி ஏறி எறங்கி, மெட்ராசுல அவரு பேருல பள்ளிக்கூடம் தொறக்க 1842 ஆயிப்போச்சு. பாவம், அந்த மனுசன் மெய்யாவே குடுக்க நெனச்சவரு. ஒங்களுக்கு அந்த 48 வருசத் தாமசம் மட்டும் போதும்.

காரைக்குடி அழகப்பச் செட்டியார் பேர மட்டும் யாரையும் எடுக்க விட்டுறாதீக. ஆராய்ச்சி நிலையம் நம்ம பக்கம் வரட்டும்னு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்து, 1948ல நேருவக் கூட்டியாந்து அடிக்கல் நாட்ட வச்ச ஆளு. அவரோட ஒப்பிட ஆரம்பிச்சாகன்னா மோர் தாங்காது.

அய்யா மட்டும் எப்படிக் குடுத்தாருன்னுதான கேக்குறீக? அவரு எங்க குடுத்தாரு! கல்லாவத் தொறந்து சல்லிக்காசு எடுத்து நீட்டி நான் பாத்ததில்ல. எல்லாம் மகமை. மூட்டைக்கு இம்புட்டுன்னு சிட்டையிலயே பிடிச்சிருவோம், பேரேட்டுல அதுக்குத் தனிப்பக்கம். கல்லாவுக்கு வருமுன்னாலயே அது நம்ம சமுதாயச் சங்கம், உறவின்முறையோட காசு. விருதுநகர்ல 1889ல சத்திரிய வித்யாசாலா தொறந்தாகளே, காமராசர் படிச்ச பள்ளிக்கூடம், அதெல்லாம் அப்படி வளந்ததுதான். யாவாரிக மகமை ஒரு பக்கம், உலை வைக்கையில வீட்டுக்கு வீடு பொம்பளைக எடுத்து வச்ச பிடியரிசி ஒரு பக்கம். கைக்கு வராத காசு போனா யாருக்கு வலிக்கும்? கைக்கு வந்து, எச்சி தொட்டு எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு, பீரோவுல பூட்டுன பெறகு குடுன்னா எப்படிக் குடுக்கிறது? ஒங்க மேல தப்பே இல்ல.

அதுல ஒரு சின்னச் சங்கதி. நம்ம பில்லுல இன்னமும் ‘மகமை’ன்னு ஒரு வரி அச்சாகுது. சரக்குக் கொண்டாந்தவன்கிட்டப் பிடிக்கவும் செய்றோம். கம்ப்யூட்டர் வந்த பெறகு அது உறவின்முறைக்குப் போகல, ‘இதர வரவு’ல ஏறிக்கிட்டிருக்கு. பொழுது போகாம போன பங்குனி வரைக்கும் கூட்டிப் பாத்தேன். 11 லட்சத்துச் சொச்சம் வருது.

யாருகிட்டயும் மூச்சு விடல. கமிட்டித் தலைவர் எனக்கு மச்சான் முறை, தெனமும் சாயங்காலம் ஒரே பெஞ்சுலதான் உக்காருறோம். அவருகிட்டயும் சொல்லல. நாளைக்கு நோட்டுல நீங்க என்ன எழுதப் போறீகன்னு இப்பவே தெரிஞ்சா, சொல்லணுமா வேண்டாமான்னு நானும் ஒரு முடிவுக்கு வந்துருவேன்.