லேபுக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வெரிகோசீல். ஆபரேஷன் செய்தால் விந்தணு கூடும் என்கிறார் டாக்டர். செய்த இரண்டாம் வாரமே டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?
— வாசகர், தேனி

பதில்: பார்க்கலாம். ஆனால் அங்கே எண்ணப்படுவதெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தைய பழைய சரக்காக இருக்கும்! ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் பிடிக்கிறது. முதல் டெஸ்ட் 3 மாதம் கழித்துத்தான். முழுப் பலன் தெரிய 6 மாதம்கூட ஆகலாம்.

விரைகளுக்கு உடம்பைவிடச் சுமார் 2 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அங்குள்ள சிரைகள் புடைத்து ரத்தம் தேங்கினால், அதாவது வெரிகோசீல் வந்தால், சூடு ஏறும். அணுக்களின் எண்ணிக்கையும் குறையும், ஓட்டமும் குறையும். அந்தச் சிரைகளைக் கட்டிவிடுவதுதான் ஆபரேஷன். பத்தில் ஆறேழு பேருக்கு ரிப்போர்ட் தேறுகிறது. ஆனால் ரிப்போர்ட் தேறிய எல்லார் வீட்டிலும் தொட்டில் ஆடிவிடுவதில்லை, இதை மனதில் வையுங்கள். கையால் தொட்டாலே தெரிகிற வீக்கமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேனில் மட்டும் தலைகாட்டுவதற்குக் கத்தி தேவையில்லை. மைக்ராஸ்கோப் வைத்துச் செய்தால் வீக்கம் திரும்பி வருவது குறைவு. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால், இந்த ஆறு மாதம் காத்திருக்கலாமா என்பதை இருவரும் சேர்ந்துபோய் முதலிலேயே பேசிவிடுங்கள். சிகரெட் உண்டென்றால் அதை நிறுத்த எந்த டெஸ்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.