எண்ணூறு பிராங்கு சூரியன்

ஏற்காட்டில் கடல் இல்லை. அதனாலென்ன, மூட்டம் போட்ட விடிகாலையில் பகோடா பாயிண்டில் போய் நின்றால் காடு, ரோடு எல்லாம் முங்கிப்போய், அலையடிக்காத கடலொன்று கீழே கிடக்கும். அதிலிருந்து கிளம்புகிற சூரியனைக் கண் கூசாமல் பார்க்கலாம். சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டத்துரைமாரும் இதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். காபி விலைக்கு அப்பால் யோசனை போகவில்லை போலும்.

1872இல் பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தில், ஓட்டல் ஜன்னல் வழியாக இதே மூட்டத்தைப் பார்த்த ஓவியர் கிளாட் மோனேவுக்குக் கை அரித்தது. சாம்பல்நீலப் புகை, இரண்டு மூன்று படகு, ஆரஞ்சில் ஒரு பொட்டு. தீர்ந்தது வேலை.

பித்தலாட்டமெல்லாம் அந்தப் பொட்டில். சூரியன் என்றால் வானத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டாமா? மோனே இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்தான் கொடுத்தார். நிறம் மட்டும் வேறு. கறுப்புவெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். மூளையில் நிறம் பார்க்கும் பிரிவு ‘இதோ சூரியன்’ என்கிறது. வெளிச்சத்தை வைத்து இடம் குறிக்கும் பிரிவு ‘எங்கே, ஒன்றையும் காணோமே’ என்கிறது. இந்தத் தகராறில்தான் பொட்டு துடிக்கிற மாதிரி தெரிகிறது என்கிறார் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன்.

1874 ஏப்ரலில், பாரிஸில் புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் படம் காட்சிக்கு வந்தது. சுவரில் ஒட்டுகிற அச்சுக்காகிதமே இதைவிட உருப்படியாக இருக்கும் என்று லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் நக்கலடித்தார். படத்தின் தலைப்பிலிருந்த ‘இம்ப்ரெஷ’னைப் பிடித்து, அங்கே படம் வைத்த ஓவியர் கூட்டத்துக்கே ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்று பட்டப்பெயரும் கட்டினார். மற்றபடி அந்த மனிதர் என்ன எழுதினார் என்று இன்று யாருக்கு அக்கறை?

800 பிராங்கு கொடுத்துப் படத்தை வாங்கியவர் துணி வியாபாரி எர்னஸ்ட் ஓஷெடே. மூன்றே வருஷத்தில் ஆள் திவால். 1878 ஏலத்தில் அதே சூரியன் 210 பிராங்குக்குப் போனது. போக்கிடமில்லாத ஓஷெடே பெண்டாட்டி பிள்ளைகளோடு மோனே குடும்பத்துடனேயே ஒண்டிக்கொண்டார். 1891இல் ஓஷெடே கண்மூட, மறுவருஷமே அவர் மனைவி ஆலிஸை மோனே கல்யாணம் செய்துகொண்டார். கலையை ஆதரிப்பதில் இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு.

படத்துக்கும் நிம்மதி இல்லை. 1985 அக்டோபரில் பாரிஸ் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கிக்காரர்கள் புகுந்து ஒன்பது படங்களைத் தூக்கினார்கள், இதுவும் போனது. 1990இல் கார்சிகா தீவில் அகப்பட்டது. சூரியோதயத்தைத் திருட வந்தவர்கள் இருட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை.