பட்டியல் புகு படலம்

தி.நகரில் உள்ள மாவு மில் ஒன்று கூகுளின் முதற்பக்கம் ஏற வேண்டுமாயின், இணையத்தில் எத்தனை வணிகப் பட்டியல்களில் பெயர் பதிய வேண்டும்? இவ்வினாவைப் பேரறிஞர் எவரும் இதுகாறும் தொடாததால் யாம் எடுத்துக்கொண்டோம்.

மனிதர் எவரும் திறந்து பாராத பட்டியலில் பெயர் எழுதுவது வீண் அன்றோ எனின், அன்று. மனிதர் பாராவிடினும் தேடுபொறி பார்க்கும் என்பது பண்டையோர் கொள்கை. பண்டையோர் என்றது 1998-க்குப் பிற்பட்டோரை.

அதற்கும் முன்னோர் அகரவரிசையை நம்பினர். அமெரிக்காவில் தொலைபேசிப் பட்டியல்கள் பெருத்த காலத்தில், குழாய் பழுதுபார்ப்பவர் தொழிலைக் கற்றாரோ இல்லையோ, கடைப்பெயரின் தலையில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தை மூன்று முறை ஏற்றிக்கொண்டார். 1994-இல் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய யாஹூவும் கையால் வகைபிரித்த பட்டியலே. ‘ஏ’யின் ஆட்சி அங்கும் நீடித்தது.

1998-இல் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரினும், ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை வாக்காக எண்ணும் பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டனர். வாக்குக்கு மதிப்பு வந்தபின் என்ன நேரும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. யாஹூ பட்டியலில் வணிகத் தளம் சேர ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 299 டாலர். நிராகரித்தாலும் பணம் திரும்பாது, உண்டியல் நியதி. தன்னார்வலர் தொகுத்த டிமாஸ் என்னும் பட்டியல் காசு கேட்கவில்லை, பொறுமை கேட்டது. இணைப்பு விற்பதற்கென்றே வேறு தளங்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. 2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் என்னும் திருத்தத்தை ஏவி, இத்தகைய இணைப்புகளைக் கொண்ட தளங்களைக் கீழே தள்ளியது. காசு கொடுத்துச் சேர்ந்தவர்கள் பெயரை நீக்கச் சொல்லிக் கெஞ்சினர். நீக்கவும் சிலர் கட்டணம் கேட்டனர். (இவ்வாய்வில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இது.) 2014-இல் யாஹூ பட்டியலும் 2017-இல் டிமாஸும் மூடப்பட்டன.

இன்றைய கொள்கை வேறு. பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லாப் பட்டியலிலும் ஒன்றுபோல் இருத்தலே சிறப்பு என்பர். இந்நெறியை வகுத்தவர் சென்னையில் வீடு தேடியவர் அல்லர். நம் மில்லுக்குப் பழைய எண் 12, புதிய எண் 27 என்று கொள்க. ஒரு பட்டியலில் 12, மற்றொன்றில் 27, இன்னொன்றில் 12/27, அவசரத்தில் பதிந்ததில் 27/12. ஊரோ தி.நகர், டி.நகர், தியாகராய நகர் என மும்மைப்படும். நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு கடைகள். ஓடுவது ஒரே மிஷின். வாடிக்கையாளர் இவை எதையும் அறியார்; ‘பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து’ என்று கேட்டே வந்து சேர்கிறார். அக்கம்பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்தக் கூகுளே கூறும் அளவுகோல்கள் பொருத்தம், தூரம், பிரபலம். இவற்றுள் பிரபலத்தில் அப்பிள்ளையாரை வெல்ல மில்காரரால் ஆகாது.

எம் முடிபு வருமாறு: கூகுள் வரைபடம், ஜஸ்ட்டயல், சுலேகா என மக்கள் உண்மையில் தேடும் நாலைந்து இடங்களில் ஒரே எழுத்தில், ஒரே எண்ணில் பதிந்தால் போதும். ஐந்நூறு பட்டியலில் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால், அவர் ஆபீஸ் கதவு எண் பழையதா புதியதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடவும்.