சித்தன்னவாசல் பந்தயம்

போர்ஷே 911-க்கு எஞ்சின் பின்னால். லம்போர்கினி ஹுராகானுக்கு நடுவில். வளைவில் எது தரையைக் கவ்வி ஓடும் என்று சித்தன்னவாசல் டீக்கடையில் மச்சான்கள் இருவருக்குள் மல்லுக்கட்டு. இருவரும் வந்தது ஒரே டிவிஎஸ் ஃபிஃப்டியில்.

ஹுராகான் நூறைத் தொட மூன்று வினாடிதானாம். நம்மூர் வேகத்தடையில் அதற்குள் வயிறு தட்டி நின்றிருக்கும். பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடிக்கும். ஒதுங்கி வழிவிடுவதுதான் மரியாதை: லம்போர்கினியே முதலில் டிராக்டர் செய்து பிழைத்தவர், கார் கம்பெனி 1963-ல்தான்.

மேலே குன்றில், ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்களின் கல்படுக்கைகள், தலையணை மேடு உட்பட, இன்னும் வழவழவென்று கிடக்கின்றன. எறும்பு மிதிபடாமல் நடந்தே வந்தவர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாகச் சஸ்பென்ஷன் பற்றி ஒரு புகாரும் இல்லை.