கும்பினியாருக்கு ஒரு வாழ்த்துமடல்

மாட்சிமை பொருந்திய ஆங்கிலக் கும்பினியாரே,

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று இந்த மடலை வாசிக்கிறேன். வடக்கே காவிரி, அதைத் தாண்டி ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். தெற்கே திரும்பினால் பொன்மலை. பிரெஞ்சுக்காரரை வென்று நீங்கள் பெயர் வாங்கிய களம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. உங்களை யாரும் கோழை என்று சொல்ல முடியாது. நானும் உங்களைப் புகழத்தான் படியேறி வந்தேன்.

முதலில் உங்கள் வாக்குச் சுத்தம். 1748-இல் உங்கள் அரசரும் பிரெஞ்சு அரசரும் உடன்படிக்கை செய்து போரை நிறுத்தினார்கள். அதை நீங்கள் மீறவே இல்லை. லண்டனிலும் பாரிசிலும் ஒரு கண்ணாடிகூட உடையாமல், எங்கள் வயற்காட்டில் 1754 வரை சண்டையிட்டீர்கள். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபுக்குத் துணை வந்தவர்கள். நீங்கள் முகம்மது அலிக்குத் துணை வந்தவர்கள். துணைக்கு வந்த இருவரும் தங்கள் வீட்டில் சமாதானமாக இருந்தீர்கள். எரிந்தது எங்கள் வீடு.

அடுத்தது கிளைவின் துணிச்சல். திருச்சிக் கோட்டைக்குள் முகம்மது அலி முற்றுகையில் தவித்தபோது, 1751-இல் 200 வெள்ளையர்களும் 300 சிப்பாய்களுமாகப் போய் ஆற்காட்டைப் பிடித்தார். எதிரியின் படை அங்கே திரும்பியது. ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்தக் கோட்டையில் சோறு குறைந்தபோது நம் சிப்பாய்கள், “சோற்றை வெள்ளைக்காரர்கள் சாப்பிடட்டும், எங்களுக்கு வடிகஞ்சி போதும்” என்றார்களாம். இந்தக் கதையை உங்கள் நூல்களே மனமுருகிச் சொல்கின்றன. கிளைவ் பிறகு பிரபுப் பட்டம் பெற்றார். கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயரும் அந்தக் கதையில் இல்லை. நன்றியுள்ளவர்கள் நீங்கள், கஞ்சியை மட்டும் மறக்கவில்லை.

மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்சின் போர்முறையும் பாடம் சொல்லத்தக்கது. 1752-இல் அவரும் கிளைவும் திருச்சிக்கு வந்ததும் பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். அரங்கன் பள்ளிகொண்ட கோயிலும் திருவானைக்கா கோயிலும் பீரங்கிக் கோட்டைகளாயின. நீங்கள் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவை நிறுத்தினீர்கள். அங்கும் கோயில்தான் பாசறை. கோயில் மதிலின் கனத்தை எங்கள் சிற்பிகளைவிட நீங்களும் பிரெஞ்சுக்காரரும் நன்றாக மதிப்பிட்டீர்கள். தீவுக்குப் போகும் தானியத்தை மறித்தீர்கள். ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியின் உறுதிமொழியை நம்பிப் போய்த் தலையிழந்தார். வாள் உங்களுடையதல்ல. வெற்றி மட்டும் உங்களுடையது.

வெற்றிக்கு விலை ஒன்று பேசப்பட்டிருந்தது. உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியையே தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். கொடுக்கவில்லை. ஏமாந்த மைசூர் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தார். 1753-இல் மறுபடி முற்றுகை. பொன்மலையைப் பிடிக்க உங்கள் படை ஏறிய வேகத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் படையின் வயிற்றை நிரப்பியது தஞ்சையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் வந்த அரிசி. அந்த வண்டிகளை எதிரியின் நடுவே கொண்டுவந்து சேர்த்தவர் கான்சாகிபு என்ற யூசுப்கான். அரிசி கோட்டைக்குள் வந்தது; ஊர்மக்களோ உண்ண வழியில்லாமல் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். உங்கள் வரலாற்றாசிரியர் ஓர்மே இதை ஒளிக்காமல் எழுதிவைத்தார். யூசுப்கானுக்கும் நீங்கள் கைம்மாறு செய்தீர்கள்: 1764-இல் மதுரையில் உங்கள் படை பார்க்கத் தூக்குமரம்.

இனிக் கடல். அங்கே உங்களுக்கு நிகர் யாருமில்லை. உங்கள் அட்மிரல் பொகாக்கின் கப்பல்கள் 1758-59-இல் பிரெஞ்சு அட்மிரல் தாஷேயுடன் மூன்று முறை மோதின. ஒருவர் கப்பலை ஒருவர் பிடிக்கவில்லை. ஆனால் அடிபட்ட தாஷே மொரிசியசுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. கரையில் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலிக்குப் பணமும் ஆளும் வரவில்லை. முற்றுகையில் இருந்த சென்னைக்கு உங்கள் கப்பல்கள் 1759 பிப்ரவரியில் வந்து சேர்ந்தன. மறு ஆண்டு வந்தவாசியில் வெற்றி. 1761 ஜனவரியில் புதுச்சேரி. கடலிலிருந்து ஒரு மூட்டை நெல்கூடப் போகாதபடி காத்தீர்கள். பசி தாங்காத லாலி உள்ளூர் மக்களை நகரைவிட்டு விரட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு படைகளுக்கும் நடுவே புல்வேரைத் தின்று பல நாள் கிடந்த பிறகே உங்கள் தளபதி கூட் வழிவிட்டார். அத்தனை கறாரான காவல் உங்களுடையது. பிடித்த பிறகு நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினீர்கள்.

கடைசியாக உங்கள் கணக்கு. இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழவேண்டும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது எங்கள் பழமொழி. எங்கள் நெல்லில், எங்கள் ஆளைக் கொண்டு, எங்கள் கோயில் மதிலுக்குள் சண்டையிட்டுவிட்டு, அதற்கான செலவையும் நவாபின் பற்றில் எழுதினீர்கள். அந்தக் கடனைக் கட்ட அவர் சென்னையில் உங்கள் உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கினார். வட்டிக்கு வரி, வரிக்குக் காவிரிக்கரையின் விளைச்சல். 1785-இல் உங்கள் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து இந்தக் கடனைக் கண்டித்து முழங்கினார். நீங்கள் அவர் பேச்சை அச்சிட்டுப் படித்தீர்கள். 1801-இல் கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டீர்கள். காப்பாற்ற வந்த வீட்டை இத்தனை பொறுமையாக, இத்தனை ரசீதுகளோடு வாங்கியவர் உலகில் வேறு யாரும் இல்லை.

அந்தி சாய்கிறது. கீழே பேருந்து நடத்துநர் “மெயின்கார்டு கேட்” என்று கூவுகிறார். பழைய கோட்டையில் மிஞ்சிய வாசல் அது. உங்கள் காவல் எங்கள் நாவில் இன்னும் நிற்கிறது. கஞ்சி குடித்தவன், வண்டியோட்டியவன், அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்டு ஊரைவிட்டுப் போனவள் ஆகியோருக்கு இந்த ஊரில் ஒரு வாசல் இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை. கும்பினியாரே, உங்கள் வெற்றி பெரியதுதான். அது எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத்தான் தெரியும், சுமந்தவர்கள் நாங்கள்.