கீதையைக் கேளுங்கள், இம்பாலைக் கேட்காதீர்கள்

2023 செப்டம்பரில் டெல்லி பிரகதி மைதானத்தில் ஜி20 மாநாடு நடந்தபோது, பாரத் மண்டப வளாகத்தில் ‘டிஜிட்டல் இந்தியா’ கண்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். ஆதார், டிஜிலாக்கர், யூபிஐ என்று நம் பெருமைகள் வரிசையாக மின்னின. நடுவே ‘ஆஸ்க் கீதா’ என்று ஒரு பெட்டி. வாழ்க்கையில் என்ன குழப்பமோ அதைக் கேட்டால், செயற்கை நுண்ணறிவு பகவத் கீதையிலிருந்து விடை எடுத்துத் தரும். வந்திறங்கிய தூதர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நல்ல உபசாரம். அதே நாளில் மணிப்பூரில் ஒருவர் தன் கைப்பேசியில் கீதையைத் தேடியிருந்தால் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இனக்கலவரம் வெடித்த மே 3ஆம் தேதி பிடுங்கிய மொபைல் இணையம் நான்கு மாதம் கடந்தும் திரும்பியிருக்கவில்லை.

டெல்லியில் மட்டும் என்ன வாழ்ந்தது? செப்டம்பர் 8 முதல் 10 வரை புது டெல்லி மாவட்டத்துக்குள் ஆன்லைன் டெலிவரி கூடாது, மருந்துக்கு மட்டும் விலக்கு என்று போலீஸ் உத்தரவு. மண்டபத்துக்குள் இந்தியாவின் டிஜிட்டல் பொருளாதாரத்தை உலகத்துக்கே விளக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொருளாதாரத்தை முதுகுப்பையில் சுமந்து பைக் ஓட்டுகிற பையன் பேரிகேடுக்கு அந்தப் பக்கம் நின்றான், மூன்று நாள் வருமானம் இல்லாமல். வழியில் இருந்த குடிசைகளுக்குப் பச்சைத் துணி கட்டியாயிற்று. விருந்தாளி கண்ணில் இந்தியா பட்டுவிடக் கூடாது.

மாநாட்டின் பிரகடனம் டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பைப் பற்றி அழகாகப் பேசுகிறது: பாதுகாப்பானதாக, எல்லோரையும் உள்ளடக்கியதாக, மனித உரிமையை மதிப்பதாக இருக்க வேண்டுமாம். உக்ரைன் விவகாரப் பத்திகளில் உறுப்பினர்கள் எல்லோரையும் ஒத்துப்போக வைக்க நம் அதிகாரிகள் 200 மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள், 15 வரைவுகள் எழுதினார்கள் என்று ஜி20 பேச்சுவார்த்தைகளில் இந்தியாவின் தலைமைப் பிரதிநிதியாக (ஷெர்பா) இருந்த அமிதாப் காந்த் பெருமையோடு சொன்னார். கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. மணிப்பூரிலோ 200 நாளைத் தாண்டியது இருட்டு.

அந்த இருட்டு யாரைக் காப்பாற்றியது? மே 4ஆம் தேதி இரண்டு பெண்களை ஆடையின்றி ஊர்வலமாக இழுத்துப் போனது ஒரு கும்பல். அந்தக் காணொளி நாட்டின் கண்ணுக்கு வந்தது ஜூலை 19இல். அதற்கு மறுநாள்தான் பிரதமர் வாய் திறந்தார். வதந்தியைத் தடுக்கத்தான் இணையத்தை நிறுத்தினோம் என்றார்கள். கும்பலுக்குக் கூடிச் சேர இணையம் தேவைப்படவில்லை. அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை வெளியே சொல்லத்தான் தேவைப்பட்டது. இரண்டரை மாதம் அரசாங்கம் காத்தது குற்றவாளியின் மானத்தை.

மாநாட்டுக்குச் சில நாள் முன்பு ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் மணிப்பூர் குறித்துக் கவலை தெரிவித்தார்கள். ஜெனீவாவில் உள்ள நம் நிரந்தரத் தூதரகம் சீறிப் பாய்ந்தது. தேவையற்ற பேச்சு, திசைதிருப்பும் பேச்சு. மணிப்பூரில் அமைதி நிலவுகிறது, நிலைமை சீராக இருக்கிறது என்றது. சரி, அமைதிதான் நிலவியது என்றால் மொபைல் இணையத்தை எதற்கு ஐயா பூட்டி வைத்திருந்தீர்கள்? ஒன்று அந்த அறிக்கை பொய், அல்லது அந்தப் பூட்டு அக்கிரமம். இரண்டில் எது என்று கேட்க ஜெனீவாவில் ஆள் இருக்கவில்லை. மணிப்பூர் தலைநகர் இம்பாலில் கேட்கலாமென்றால் நெட் இருக்கவில்லை.

இணையத்தை வெட்டுவது தூதர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். உத்தரவில் கையெழுத்திடுவது உள்துறைச் செயலர். அதற்கு உலகத்தின் முன் சலவை செய்த சட்டை மாட்டிவிடுவதுதான் வெளியுறவுத் துறையின் பணி. அந்தப் பணியில் நம்மவர்களுக்கு அனுபவம் நிறைய. 2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியா ஒரு திட்டம் வைத்தது. இணையத்தின் உலகக் கொள்கையை 50 நாடுகள் கொண்ட ஒரு குழு வகுக்கும், அது ஆண்டுதோறும் இரண்டு வாரம் ஜெனீவாவில் கூடும். இணையத்தின் முகவரிப் புத்தகம் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்துக்குள் கிடந்ததே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை. எரிச்சல் நியாயமானது, இரண்டே ஆண்டில் ஸ்னோடன் வந்து அமெரிக்க உளவை அம்பலப்படுத்தி அதை நிரூபித்தார். ஆனால் மருந்தைப் பாருங்கள்: ஒரு எஜமானனுக்குப் பதில் ஐம்பது எஜமானர்கள், பதினான்கு நாள் பயணப்படி, ஏரிக்கரை. நல்லவேளை, திட்டம் கரை சேரவில்லை. 2015இல் சுருதி மாறியது: அரசு, நிறுவனங்கள், மக்கள் எல்லாத் தரப்பும் சேர்ந்தே இணையத்தை ஆள வேண்டும் என்றது டெல்லி.

எல்லாத் தரப்பிலும் தூத்துக்குடிக்காரர் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. 2018 மே 22இல் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் போயிற்று. சுட்ட துப்பாக்கியை யாரும் முடக்கவில்லை. படம் எடுத்த போனுக்குத்தான் தண்டனை.

2016 ஜூலையில் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில், மக்களின் இணையத்தை வேண்டுமென்றே முடக்குவதைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. அதை நீர்க்கச் செய்ய ரஷ்யாவும் சீனாவும் திருத்தம் கொண்டுவந்தபோது ஆதரித்தவர்களில் உலகின் மிகப் பெரிய ஜனநாயகமும் உண்டு. 2021 ஜூனில் கார்ன்வாலில் நடந்த ஜி7 கூட்டத்தில் அதே ஜனநாயகம் விருந்தாளி. அங்கே, ‘அரசியல் நோக்கத்துடன்’ இணையத்தை முடக்குவது சுதந்திரத்துக்கு ஆபத்து என்ற அறிக்கையில் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டது. ஏன் சேராது? நாம் அரசியலுக்காக முடக்குவதே கிடையாதே! சட்டம் ஒழுங்குக்காக, தேச நலனுக்காக, பரீட்சைக்காக முடக்குவோம். காஷ்மீரில் ஒன்றரை ஆண்டு 4ஜி இல்லாமல், கொரோனா ஊரடங்கில் 2ஜியில் பாடம் திறக்குமா என்று பிள்ளைகள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும் அரசியல் அல்ல; பொறுமைப் பயிற்சி.

சரி, மொத்தம் எத்தனை முறை முடக்கினோம்? 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை தந்தது. தலைவர் சசி தரூர், ஐ.நா.வில் பல்லாண்டு இருந்தவர். தொலைத்தொடர்புத் துறையிடமும் உள்துறையிடமும் முடக்கங்களின் கணக்கே இல்லை என்று தெரியவந்தது. 2023 ஆகஸ்ட் மாதம் மட்டும் யூபிஐ பரிவர்த்தனை 1,000 கோடியைத் தாண்டியது என்று ஒன்று விடாமல் எண்ணிச் சொன்ன நாடு இது. டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்தால் கணக்கு உண்டு. ஒரு மாநிலத்தையே அணைத்தால் கணக்கு இல்லை. எண்ணியது ‘ஆக்சஸ் நவ்’ என்ற வெளிநாட்டு அமைப்பு: 2023இல் இந்தியாவில் 116 முறை. ஆறாவது ஆண்டாக உலகில் முதலிடம். இந்தப் பதக்கத்தை மட்டும் எந்தக் கண்காட்சியிலும் வைக்கவில்லை.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஐ.நா. உலக டிஜிட்டல் உடன்படிக்கையை ஏற்றது. இணைய முடக்கத்தைத் தவிர்ப்போம் என்று அதில் ஒரு வாக்குறுதி. யாரையும் கட்டுப்படுத்தாத வாக்குறுதி என்பதால் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. அதே ஞாயிறு ஜார்க்கண்டில், அரசு வேலைக்கான தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க மாநிலம் முழுக்க இணையம் நிறுத்தம், தொடர்ந்து இரண்டாவது நாளாக. பிட்டு அடிப்பவனைப் பிடிக்கத் தெரியாத அரசு மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் வாயைக் கட்டியது. ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் விடுமுறை நாளில் கூடி, இணைப்பை உடனே திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டது. அந்த நீதிபதிகளுக்கு நியூயார்க் பயணமும் இல்லை, ஜெனீவா படியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.